நாள் முழுக்க இயர்பட்ஸ்: காது தாங்குமா?

உங்கள் கேள்வியில் ஐந்தாறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அலுவலக அழைப்புகளுக்காகத் தினமும் ஆறேழு மணி நேரம் வயர்லெஸ் இயர்பட்ஸ் காதில் இருக்கிறது. போகவர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பாட்டு. இரவில் ஏதாவது கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறீர்கள். வலது காது சில வாரங்களாக அரிக்கிறது, இடது பக்கம் சத்தம் குறைந்துபோன மாதிரி இருக்கிறது. பேட்டரியும் முன்போல நிற்பதில்லை. மண்டைக்குள் ரேடியேஷன் போகிறது என்று அம்மா தினமும் சத்தம் போடுகிறார். பேசாமல் வயர் இயர்போனுக்கே திரும்பிவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேட்க வருவது ஒன்றுதான்: வேலைக்கு இது இல்லாமல் ஆகாது என்ற நிலையில், காதைக் கெடுத்துக்கொள்ளாமல் இதோடு காலம் தள்ள முடியுமா? முடியும். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்றாகவும், உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறாகவும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஆடியாலஜிஸ்ட். கேட்கும் திறனைச் சோதிப்பது, காது மிஷின் பொருத்துவது, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பது, இவைதான் பல வருடங்களாக என் வேலை. காது மிஷினும் இயர்பட்ஸும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்ன மைக், சின்ன ஸ்பீக்கர், சின்ன பேட்டரி, அதுவும் வியர்வையும் குறும்பியும் இருக்கிற இடத்தில் நாள் முழுக்க. அதனால் காது மிஷின்காரர்களுக்குச் சொல்லும் பல விஷயங்கள் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். மருந்து எழுதுவது இ.என்.டி. டாக்டரின் வேலை, என்னுடையது இல்லை. உங்கள் காதுக்குள் பார்க்காமல் அரிப்புக்கு இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியாது. எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் இடது பக்கம். நீங்கள் அதை நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. சத்தம் குறைந்தது பட்ஸிலா, காதிலா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இடது பட்ஸைக் கழற்றி, அதன் ஸ்பீக்கர் துளையை வலது காதின் வாசலில் பிடித்துக் கேளுங்கள். அதேபோல வலது பட்ஸை இடது காதில் வைத்துக் கேளுங்கள். வடிவம் சரியாக உட்காராது, பரவாயில்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தானே. காதிலிருந்து எடுத்ததும் பாட்டு தானாக நின்றுவிடும் மாடல் என்றால் செட்டிங்கில் அந்த வசதியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். எந்தக் காதில் வைத்தாலும் இடது பட்ஸ்தான் மெதுவாகக் கேட்கிறது என்றால் கோளாறு கருவியில். எந்த பட்ஸை வைத்தாலும் இடது காதுதான் குறைவாகக் கேட்கிறது என்றால் கோளாறு காதில். அப்புறம் பட்ஸ் இல்லாமலேயே போனை வழக்கம்போல ஒவ்வொரு காதிலும் வைத்துப் பேசிப் பார்த்தால் இன்னும் தெளிவாகிவிடும்.

காதில்தான் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். முனகல் குறைவாகக் கேட்கும் காதின் பக்கமே பலமாகக் கேட்டால், குறும்பி அடைப்பு போன்ற வெளிப்பக்கக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் பலமாகக் கேட்டால் உள்காது அல்லது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இது வீட்டில் கிடைக்கும் ஒரு துப்பு, அவ்வளவுதான். இதை வைத்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் ஒன்று உறுதி. மூன்று நாளுக்குள் திடீரென ஒரு காது மந்தமானால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். திடீர் நரம்புச் செவித்திறன் குறைவு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். 'இயர்பட்ஸ்தான் ரிப்பேர்' என்று நினைத்துப் புதிது வாங்கி, அதிலும் கேட்காமல், அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. அந்த நாட்களைத் திரும்ப வாங்க முடியாது. காதில்தான் குறை என்று தெரிந்தால் நாளைக் காலையே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.

பட்ஸில்தான் குறை என்றால் கவலையே இல்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் வாயில் இருக்கும் மெல்லிய வலையில் குறும்பி படிந்திருக்கும். ரப்பர் முனையைக் கழற்றுங்கள். வலை கீழே பார்க்கும்படி பட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, உலர்ந்த, மிருதுவான பல் தேய்க்கும் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும். ஊசி, குண்டூசி வேண்டாம், வலை கிழிந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். ரப்பர் முனையை மட்டும் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். ஒரு பக்கம் சார்ஜே ஏறவில்லை என்ற புகாரும் பாதிக்குப் பாதி அழுக்குதான். பட்ஸின் அடியிலும் பெட்டிக்குள்ளும் இருக்கும் உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்திருக்கும். உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். போகாவிட்டால் பஞ்சில் துளி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காதுக்குக் கேடு செய்வது இயர்பட்ஸ் எவ்வளவு நேரம் காதில் இருக்கிறது என்பது மட்டும் இல்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்த கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். இதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிவிடும். ஏனென்றால் 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம், 89-ல் 5 மணி நேரம், 92-ல் இரண்டரை மணி நேரம், 95-ல் ஒன்றேகால் மணி நேரம். கவனியுங்கள், இது ஒரு நாளுக்கான கணக்கு இல்லை, ஒரு வாரத்துக்கானது.

இதை உங்கள் நாளோடு பொருத்திப் பாருங்கள். அமைதியான அறையில், அழைப்பில் ஒருவர் பேசுவதைச் சௌகரியமாகக் கேட்க 65, 70 டெசிபல் போதும். அந்த அளவில் நீங்கள் வாரம் முழுக்கப் பேசினாலும் வரம்பைத் தொடுவதில்லை. அதாவது நீங்கள் பயந்துகொண்டிருக்கும் அந்த ஆறேழு மணி நேரம், சத்தக் கணக்கில் பெரிய குற்றவாளி இல்லை. பஸ்ஸில் போகும் இரண்டு மணி நேரம்தான். பழைய டீசல் பஸ்ஸின் உள்ளே எஞ்சின், ஜன்னல் அதிர்வு, வெளியே ஹாரன் எல்லாம் சேர்ந்து 80-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். பாட்டின் வரிகள் புரிய வேண்டுமானால் அதைவிட உயர்த்தித்தான் வைப்பீர்கள். பல இயர்பட்ஸ் முழு சத்தத்தில் 100 டெசிபலைத் தொடக்கூடியவை. 95-ல் வைத்தீர்கள் என்றே எடுத்துக்கொள்வோம். வாரம் முழுவதற்கும் இருப்பது ஒன்றேகால் மணி நேரம். திங்கட்கிழமை போகவரும் பயணத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது. மீதி ஐந்து நாளும் கடன்.

இந்தக் கடனை எதில் கட்டுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்காதில் நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு வெளிவரிசையில் சுமார் 12,000, உள்வரிசையில் சுமார் 3,500. மனிதர்களில் இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ஸ்தாயிப் பகுதியில்தான் முதலில் தெரியும். கேட்கும் திறனைச் சோதித்து வரையும் படமான ஆடியோகிராமில் 4,000 பக்கம் ஒரு பள்ளம் விழும். அந்த நிலையில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, எதிரே பேசுவது நன்றாகவே கேட்கும். ஓட்டல், கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சலான இடத்தில் மட்டும் 'என்ன, என்ன' என்று கேட்க ஆரம்பிப்பார்கள். காதைச் சோதித்துப் பார்க்கும் யோசனை அப்போதும் வருவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி பட்ஸைக் கழற்றியதும் காதில் 'ஙொய்' என்ற ரீங்காரமோ பஞ்சு வைத்தது போன்ற மந்தமோ இருந்தால், அன்றைக்கு வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள். காலையில் சரியாகிவிடும். சரியானாலும் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகாத ஒன்றும் இதில் உண்டு. ஆடியோகிராம் சரியாக இருந்தாலும் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகள் சத்தத்தால் அறுந்துபோகலாம் என்று 2009-ல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒத்த முடிவு இல்லை. நான் இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் 'டெஸ்ட் நார்மல்' என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு முழு சத்தத்தில் கேட்கலாம் என்றும் சொல்வதில்லை.

சரி, பஸ்ஸில் பாட்டே கேட்கக் கூடாதா? கேட்கலாம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுத்தால் உள்சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. இயர்பட்ஸ் விஷயத்தில் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் வரும். பெரும்பாலானவர்கள் மாட்டியே வந்த நடு அளவை மாற்றுவதே இல்லை. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் நடு அளவும் மறுபக்கம் சிறியதும் தேவைப்படுகிறவர்கள் ஏராளம். பட்ஸை வைக்கும்போது மறுகையால் காது மடலை மேல்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும் இழுத்துப் பிடியுங்கள். வளைந்த காதுக் குழாய் நேராகும். அப்போது பட்ஸை உள்ளே வைத்து லேசாகத் திருப்பி, மடலை விடுங்கள். காதுக்குள் பார்க்கும்போது நாங்கள் செய்வதும் இதுவே. சரியாக அடைத்திருந்தால் உங்கள் குரலே உங்களுக்குள் கும்மென்று முழங்கும், பாட்டில் தாளக்கட்டு கனமாகக் கேட்கும். அப்படி இல்லையென்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது. நுரைப்பஞ்சு முனைகள் இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உங்களுக்கு அரிப்பு இருக்கும்வரை அவை வேண்டாம்.

இரைச்சல் குறைக்கும் ஏ.என்.சி. வசதி இருந்தால் பஸ்ஸிலும் ரயிலிலும் அதைப் போடுங்கள். எஞ்சின் உறுமல், மின்விசிறி, ஏ.சி. போன்ற ஒரே சீரான கீழ்ஸ்தாயிச் சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். ஹாரனையும் பேச்சையும் அவ்வளவாகக் குறைக்காது. சிலருக்குக் காதில் அழுத்தம் போலத் தோன்றும். அங்கே உண்மையில் காற்றழுத்தம் எதுவும் இல்லை. ஏ.என்.சி. போட்டுப் பழகினால் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் திறனை மூளை இழந்துவிடும் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது நிரூபிக்கப்பட்டது இல்லை. சத்தத்தை ஏற்றுவதால் வரும் சேதம் நிரூபிக்கப்பட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஏ.என்.சி. பக்கம்தான்.

எந்த அளவில் வைப்பது என்பதற்கு, 60 சதவீதம், 60 நிமிடம் என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. நினைவில் வைக்க எளிது, ஆனால் 60 சதவீதம் என்பது ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு டெசிபல். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டில், அமைதியான அறையில், பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒன்றிரண்டு படி ஏற்றலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ரப்பர் முனை சரியில்லை, அல்லது அந்த இடம் பாட்டுக்கு ஏற்றதில்லை. ஐபோனில் ஹெட்போன் பாதுகாப்பு என்ற இடத்தில் உச்ச டெசிபலைப் பூட்டி வைக்கலாம். சாம்சங் போன்களில் மீடியா சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை பூட்டிவிட்டால் அலுப்பில் விரல் தானாக ஏற்றுவது நின்றுவிடும்.

அரிப்புக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிகம் பார்ப்பது காதுப் பூஞ்சை. காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முட்டுச்சந்து. அதன் தோல் மெதுவாக உள்ளிருந்து வெளியே நகர்ந்து, குறும்பியையும் தூசியையும் தானே வெளியேற்றிவிடும். குறும்பிக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. நீங்கள் ஆறேழு மணி நேரம், அப்புறம் இரவும், அந்த வாசலை ரப்பரால் அடைத்தால் உள்ளே ஈரமும் சூடும் தங்குகின்றன, குறும்பி திரும்ப உள்ளே தள்ளப்படுகிறது. அரித்தால் பஞ்சுக் குச்சியை விடுகிறோம். அது தோலைக் கீறி, இருக்கும் குறும்பியையும் ஆழத்தில் கொண்டுபோய் அடைக்கிறது. வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பூஞ்சை இருக்கும் காதில் எண்ணெய் விடுவது நிலைமையை மோசமாக்கும். அரிப்போடு அடைப்பு, நீர், நாற்றம், வெள்ளையாகவோ கருப்பாகவோ பஞ்சு போன்ற படலம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். டாக்டர் உறிஞ்சிச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுப்பார், பெரும்பாலும் சரியாகிவிடும். கடையில் ஏதோ ஒரு காது சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் பூஞ்சைக்கு வசதிதான். குழாய்க்குள் இல்லாமல், பட்ஸ் படும் காதுக் கிண்ணத்தில் மட்டும் சிவந்து அரித்தால் அந்தப் பொருளோடு ஒவ்வாமையாக இருக்கலாம். இன்னொன்று: உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை நோய் இருந்து, காதில் கடுமையான வலி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்குக் காதுத் தொற்று எலும்புவரை போகக்கூடியது.

அரிப்பு தீரும்வரை வலது காதில் எதையும் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு, காது மிஷின்காரர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மிஷினைக் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் இருக்கும் டப்பாவில் போட்டு மூடச் சொல்வோம். காலைக்குள் ஈரம் இழுக்கப்பட்டுவிடும். இதை ஒழுங்காகச் செய்யும் தாத்தாக்களின் மிஷின் வருடக்கணக்கில் உழைக்கிறது. இயர்பட்ஸில் எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். வியர்வையோடு கழற்றி, அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லை, கிருமிக்கும் அது வசதி, உலோகப் புள்ளிகளும் அரித்துப்போகின்றன. துடைத்து, பத்து நிமிடம் மேஜையில் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், முக்குவதைத் தாங்காது. அந்தக் காப்பும் நாளாக ஆகத் தேயும். பெட்டிக்கு அந்தக் காப்பே இல்லாத மாடல்கள் நிறைய. வேறு யாருக்கும் பட்ஸைக் கடன் கொடுக்காதீர்கள், தங்கையாக இருந்தாலும்.

அலுவலக அழைப்புகளுக்கு, முடிந்தவரை ஒரு நேரத்தில் ஒரு காது மட்டும் போதும். ஒரு மணி நேரம் இடது, அடுத்தது வலது என்று மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு காதுக்கும் காற்று கிடைக்கும், பேட்டரியும் பாதிதான் செலவாகும். இரண்டு காதையும் அடைத்தால் நம் குரல் தலைக்குள் முழங்கும், பேச்சு இயல்பாக வராது; மாலையில் தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருந்தால் அழைப்பின்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் மீட்டிங் ஆரம்பித்ததும் இயர்பட்ஸின் ஒலி திடீரெனப் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறதா? அது பழுதில்லை. பட்ஸின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது புளூடூத் வேறொரு முறைக்கு மாறி, ஒலித்தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. வார்த்தை புரியாமல் நாம் சத்தத்தை ஏற்றுகிறோம். மீட்டிங் செயலியில் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸ் என்று வைத்துப் பாருங்கள். ஒலி தெளிவாகும், சத்தமும் குறையும்.

அம்மாவின் பயத்துக்கு நேர்மையான பதில் கொடுக்க வேண்டும். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதிதான், அங்கிருந்துதான் பயம் வருகிறது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. அடுப்பு 800 வாட் பக்கம். இயர்பட்ஸ் அனுப்புவது பெரும்பாலும் சில மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு. சிக்னல் மோசமான இடத்தில் 4ஜி போன் 200 மில்லிவாட் வரை அனுப்பும். ஆகவே போனைக் காதில் ஒட்டிப் பேசுவதைவிட, போனைத் தள்ளி வைத்து இயர்பட்ஸில் பேசினால் தலைக்குப் போகும் அலை குறைவு. இந்த அலைக்கு எக்ஸ்ரே போல உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இல்லை என்பதும் உறுதி. 2011-ல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவாக இருக்கும்போது வைக்கும் பிரிவு அது. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. பல பத்தாண்டுகள் நாள் முழுக்கக் காதில் இயர்பட்ஸ் வைத்திருந்தவர்கள் இன்னும் உலகத்தில் இல்லை, ஏனென்றால் இது பரவலானதே 2016-க்குப் பிறகுதான். அந்த அளவுக்கு மட்டும் அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. என்னிடம் கேட்டால், வீட்டில் நடக்கும் அந்தச் சண்டை ரேடியேஷனைப் பற்றி இல்லாமல் சத்தத்தைப் பற்றி இருந்தால் நான் முழுக்க அம்மா பக்கம் நிற்பேன்.

இரவில் போட்டுக்கொண்டு தூங்குவதை விட்டுவிடுங்கள். காது காற்றாட இருக்கும் நேரமே அதுதான், தலையணை அழுத்தத்தில் மடலும் புண்ணாகும். எதையாவது கேட்டால்தான் தூக்கம் வரும் என்றால் போன் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்து, அரை மணியில் தானாக அணையும்படி டைமர் போடுங்கள். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். தண்டவாளப் பக்கம் போனால் கண்டிப்பாக. சென்னையின் தாம்பரம், கடற்கரை ரயில் வழித்தடம் போன்ற இடங்களில் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மின்சார ரயில் அருகில் வரும்வரை பெரிய சத்தம் போடாது.

பேட்டரி குறைவது இயல்புதான். ஒரு பட்ஸுக்குள் இருப்பது 30 முதல் 60 மில்லிஆம்பியர்-மணி அளவுள்ள பொடி லித்தியம் செல். உங்கள் போனில் 5,000 இருக்கும். இப்படிப்பட்ட செல்கள் சுமார் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது வழக்கம். ஐந்து மணி நேரம் நிற்கும் பட்ஸை ஏழு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தினால் தினமும் ஒரு சுற்றைத் தாண்டுகிறீர்கள், ஒன்றரை வருடத்துக்குள் அந்த 500 முடிந்துவிடும். வெயிலில் நிற்கும் கார், பைக் டேங்க் கவர், இவற்றில் பெட்டியை விட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம். தேய்ந்ததைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நசுங்கினால் லித்தியம் செல் தீப்பிடிக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பழைய கருவிகளின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. பல கடைகளில் அதற்கென்று பெட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வயருக்குத் திரும்பலாமா? காதுக்கு வயரும் ஒன்றுதான், வயர்லெஸும் ஒன்றுதான். அதே சத்தம், அதே அடைப்பு. ஆனால் உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன். மேஜையில் உட்கார்ந்து பேசும் அழைப்புகளுக்குக் காதின் மேலே உட்காரும், மைக் தண்டு உள்ள வயர் ஹெட்செட் ஒன்று. காதுக் குழாய் திறந்தே இருக்கும், குரலும் தெளிவாகப் போகும், பேட்டரி கவலையும் இல்லை. இயர்பட்ஸ் பயணத்துக்கும் நடைக்கும் மட்டும். அதற்கு முன் ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இ.என்.டி. பிரிவில் எடுக்கிறார்கள், அரை மணிக்குள் முடியும், வலி இல்லை. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுப்பதோடு ஒப்பிடுங்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழத் தொடங்கினால் உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும். இடது பக்கச் சோதனையை இன்று இரவே செய்து, என்ன தெரிந்தது என்று இங்கேயே எழுதுங்கள். காதில்தான் என்று வந்தால் எழுதக்கூட வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.